ஓய்ந்த பின்னும் வளரும் கேலக்ஸிகள்

(சென்னை சிந்தாதிரிப்பேட்டையில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரே ஒரு கேள்வி. புதிய விண்மீன் பிறப்பதே நின்றுபோன ஒரு கேலக்ஸி, அதற்குப் பிறகும் பெரிதாகுமா? ஆகும் என்கிறது வானியல். கொஞ்ச நஞ்சமல்ல, நான்கு மடங்கு பெரிதாகும் என்கிறது. உள்ளே எதுவும் பிறக்கவில்லை; ஆனாலும் ஆள் பெருத்துக்கொண்டே போகிறது. இது எப்படி நடக்கிறது? இதற்கு விடை தேடிப் புறப்பட்டால், வழியில் மயிலாப்பூர்க்காரர் ஒருவர் நிற்கிறார். அவர் யார் என்பதை நேரம் வரும்போது சொல்கிறேன்.

முதலில் கேலக்ஸி என்றால் என்ன? நம் சூரியன் ஒரு விண்மீன். அதைப் போன்ற பல்லாயிரம் கோடி விண்மீன்களும், வாயுவும், தூசியும், கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளும் ஈர்ப்பினால் ஒன்றாகக் கட்டுண்டு கிடக்கும் கூட்டம்தான் கேலக்ஸி. நாம் குடியிருக்கும் கேலக்ஸிக்குப் பால்வெளி என்று பெயர். அதன் தட்டு ஏறக்குறைய ஒரு லட்சம் ஒளியாண்டு அகலம். சூரியன் அதன் மையத்திலிருந்து சுமார் 26,000 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. விநாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடும் ஒளியே இங்கிருந்து மையத்துக்குப் போய்ச்சேர 26,000 ஆண்டு வேண்டும். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

பால்வெளியில் இன்னும் விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கின்றன. ஆண்டுக்கு ஏறக்குறைய ஒன்றிரண்டு சூரியன் எடைக்குக் குளிர்ந்த வாயு சுருங்கிப் புது விண்மீன்களாகிறது. ஆனால் எல்லா கேலக்ஸிகளும் இப்படி இல்லை. பல கேலக்ஸிகளில் இந்த வேலை என்றோ நின்றுவிட்டது. அவற்றில் பல, சுருள் கைகள் இல்லாத, முட்டை வடிவிலோ உருண்டையாகவோ தெரிகிற நீள்வட்ட கேலக்ஸிகள். விண்மீன் பிறப்பு நின்ற இவற்றை இன்று நாம் ‘ஓய்ந்த கேலக்ஸிகள்’ என்றே அழைப்போம்.

ஓய்ந்துவிட்டது என்று இவ்வளவு தூரத்திலிருந்து எப்படித் தெரியும்? நிறத்தை வைத்துத்தான். விண்மீன்களில் எடை மிகுந்தவை நீல நிறத்தில் கொதிக்கும். ஆனால் அவற்றின் ஆயுள் குறைவு. சில கோடி ஆண்டுகளுக்குள் எரிந்து தீர்ந்துவிடும். எடை குறைந்தவை மஞ்சளாகவும் சிவப்பாகவும் நின்று நிதானமாக எரியும், ஆயிரம் கோடி ஆண்டும் தாங்கும். ஒரு கேலக்ஸி முழுதும் சிவந்து தெரிகிறது, நீலமே இல்லை என்றால் என்ன பொருள்? அண்மைக் காலத்தில் அங்கே பிறப்பே இல்லை என்று பொருள். நீல விண்மீன்கள் புற ஊதாக் கதிரில் பளிச்சென்று தெரியும். நம் நாட்டின் ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோள் 2015 செப்டம்பர் 28-ஆம் தேதி, இங்கிருந்து அதிகத் தூரம் இல்லாத ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. அதில் இருக்கும் புற ஊதாத் தொலைநோக்கி, எந்த கேலக்ஸியின் எந்த மூலையில் இன்னும் விண்மீன் பிறக்கிறது என்று பார்த்துச் சொல்லக்கூடிய கருவி.

சரி, பிறப்பு ஏன் நிற்கிறது? விண்மீன் பிறக்கக் குளிர்ந்த வாயு வேண்டும். வாயு சூடாகிவிட்டால் சுருங்காது. சுருங்காவிட்டால் விண்மீன் இல்லை. சூடாக்குவது யார்? பெரிய கேலக்ஸிகளின் நடுவே உட்கார்ந்திருக்கும் ராட்சதக் கருந்துளைக்கு இதில் பெரும் பங்கு உண்டு. பெர்சியஸ் கேலக்ஸிக் கூட்டத்தை எக்ஸ்-கதிரில் படம் பிடித்தார்கள். அதன் நடுவில் என்.ஜி.சி. 1275 என்றொரு கேலக்ஸி. அதைச் சுற்றிலும் கோடிக்கணக்கான டிகிரி வெப்பத்தில் வாயு. அந்த வாயுவைக் குடைந்து கருந்துளை ஊதிய பிரம்மாண்டமான குமிழிகள் படத்தில் தெரிந்தன. அவற்றிலிருந்து அலைகள் விரிந்து வெப்பத்தைப் பரப்புவதும் தெரிந்தது. அந்தப் படத்தை எடுத்த விண்வெளித் தொலைநோக்கி 1999 ஜூலையில் ஏவப்பட்டது. அதன் பெயர் சந்திரா. ஆம், நான் சொன்ன மயிலாப்பூர்க்காரரின் பெயரால் அமைந்தது. அவரைப் பிறகு பார்ப்போம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தொலைவில் பார்ப்பது என்பது வானியலில் பழங்காலத்தைப் பார்ப்பது. ஆயிரம் கோடி ஆண்டுக்கு முன் புறப்பட்ட ஒளி இன்று நம் கருவியில் வந்து விழுகிறது என்றால், அந்த கேலக்ஸியின் ஆயிரம் கோடி ஆண்டு முந்தைய கோலத்தைப் பார்க்கிறோம். பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டு. அதில் பெரும்பகுதியை இப்படிப் பின்னோக்கிப் பார்க்க முடிகிறது.

2005-ஆம் ஆண்டு தொடங்கிச் சில வானியல் குழுக்கள் இப்படிப் பின்னோக்கிப் பார்த்து ஓய்ந்த கேலக்ஸிகளைத் தேடின. ஓய்ந்த கேலக்ஸிகள் அவ்வளவு பழங்காலத்திலேயே இருந்ததைக் கண்டார்கள். அதுவே ஓர் ஆச்சரியம். அதைவிடப் பெரிய ஆச்சரியம் அவற்றின் அளவு. 2008-இல் பீட்டர் வான் டொக்கம் தலைமையிலான குழு, ஹப்பிள் தொலைநோக்கியைக் கொண்டு சுமார் 1,100 கோடி ஆண்டு முந்தைய ஒன்பது கேலக்ஸிகளை அளந்தது. அவை ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 17,000 கோடி சூரியன் எடைக்கு விண்மீன்கள். பால்வெளியில் உள்ள விண்மீன்களின் மொத்த எடையைப் போல மூன்று மடங்கு. அவ்வளவு எடையும் எவ்வளவு இடத்தில்? கேலக்ஸிக்குக் கோடு போட்டாற்போல் விளிம்பு கிடையாது. அதனால் மொத்த ஒளியில் பாதி அடங்கும் வட்டத்தின் ஆரத்தை அதன் அளவாகக் கொள்வது வழக்கம். அந்த ஒன்பது கேலக்ஸிகளில் அந்த ஆரம் நடுவாந்திரமாக 3,000 ஒளியாண்டு.

26,000 என்ற எண்ணை நினைவில் வைக்கச் சொன்னேனே, இதற்காகத்தான். நம் சூரியனுக்கும் பால்வெளி மையத்துக்கும் உள்ள தூரத்தில் ஒன்பதில் ஒரு பங்குதான் அந்த 3,000 ஒளியாண்டு. அந்தச் சின்ன இடத்துக்குள் பால்வெளியின் மொத்த விண்மீன்களைவிட அதிகம்! இன்று அதே எடையுள்ள நீள்வட்ட கேலக்ஸி ஐந்தாறு மடங்கு பெரிதாக இருக்கிறது.

கணக்கில் எங்கோ பிசகு இருக்குமோ என்று சந்தேகம் வந்தது. வரத்தானே செய்யும்? எடையைத் தவறாகப் போட்டிருந்தால் எல்லாமே தவறு. எடையைச் சோதிக்க ஒரு வழி உண்டு. சிறிய இடத்தில் பெரிய எடை இருந்தால், அதன் ஈர்ப்பில் விண்மீன்கள் அசுர வேகத்தில் ஓடியாக வேண்டும். சிலி நாட்டு மலை உச்சியில் இருக்கும் எட்டு மீட்டர் ஜெமினி தொலைநோக்கியை ஒரே ஒரு கேலக்ஸியின் மீது 29 மணி நேரம் நிறுத்தி, அதன் நிறமாலையைச் சேகரித்தார்கள். முடிவு 2009-இல் வெளிவந்தது. அங்கே விண்மீன்கள் விநாடிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் வேகத்தில் தறிகெட்டு ஓடிக்கொண்டிருந்தன. இன்றைய பெரிய நீள்வட்ட கேலக்ஸிகளில் அந்த வேகம் 200, 300 என்ற அளவில்தான் இருக்கும். எடையும் சரி, அளவும் சரி. சிறியது சிறியதுதான்.

அப்படியானால் அந்தச் சின்ன கேலக்ஸிகள் எங்கே போயின? அவை அழிந்துவிடவில்லை. வளர்ந்து இன்றைய பெரிய கேலக்ஸிகளாகியிருக்க வேண்டும். ஆனால் எதைக்கொண்டு வளர்ந்தன? புது விண்மீன் பிறந்தா? அதுதான் நின்றுவிட்டதே! உள்ளே உற்பத்தி இல்லையென்றால், வரவு வெளியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். அதாவது, மற்ற கேலக்ஸிகளை விழுங்கித்தான் வளர்ந்திருக்க வேண்டும்.

விழுங்குவதிலும் இரண்டு விதம் உண்டு. சம எடையுள்ள இரண்டு கேலக்ஸிகள் மோதி ஒன்றாகலாம். அல்லது, ஒரு பெரிய கேலக்ஸி சின்னஞ்சிறு கேலக்ஸிகளை ஒன்றன்பின் ஒன்றாக இழுத்துக்கொள்ளலாம். இரண்டில் எது நடந்தது? மாணவர்களே, இந்தக் கணக்கை நீங்களே மனத்தில் போட்டுவிடலாம்.

ஒரு கேலக்ஸியைக் குலைத்து அதன் விண்மீன்களை நாலாபக்கமும் சிதறடிக்க எவ்வளவு ஆற்றல் வேண்டுமோ, அதுதான் அதன் பிணைப்பாற்றல். நிறையின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் அது கிடைக்கும். நாம் எடுத்துக்கொண்ட கேலக்ஸிக்கு நிறை ஒன்று, ஆரம் ஒன்று, பிணைப்பாற்றலும் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இதே போன்ற இன்னொன்று வந்து மோதுகிறது. நிறை இரண்டு. இரண்டின் பிணைப்பாற்றலும் சேர்ந்து இரண்டு. நிறையின் வர்க்கம் நான்கு. நான்கை எதனால் வகுத்தால் இரண்டு வரும்? இரண்டால். ஆக, ஆரம் இரண்டு மடங்கு.

இப்போது அடுத்த விதம். அதே ஒரு பங்கு எடை, பல துண்டுகளாக, குள்ள கேலக்ஸிகளாக வந்து சேர்கிறது. குள்ள கேலக்ஸி தளர்வாகக் கட்டப்பட்டது. அதன் பிணைப்பாற்றல் கணக்கில் சேர்க்கும் அளவுக்கு இல்லை. ஆகவே மொத்தப் பிணைப்பாற்றல் பழையபடி ஒன்றேதான். நிறை இரண்டு, வர்க்கம் நான்கு. நான்கை எதனால் வகுத்தால் ஒன்று வரும்? நான்கால். ஆரம் நான்கு மடங்கு! அதே எடைதான். ஒட்டுமொத்தமாக வந்தால் இரண்டு மடங்கு. சிறுகச் சிறுக வந்தால் நான்கு மடங்கு. 2009-இல் தோர்ஸ்டன் நாப், பீட்டர் யோகான்சன், ஜெரிமையா ஆஸ்ட்ரைக்கர் ஆகியோர் கணினிப் போலச்செய்தலில் கண்டதும் இதையேதான்.

வானம் என்ன சொல்கிறது? 2010-இல் வான் டொக்கம் குழு, ஆயிரம் கோடி ஆண்டு முன்பிருந்து இன்றுவரை இந்தப் பெரிய கேலக்ஸிகளைக் கட்டம் கட்டமாக அளந்தது. நிறை ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருந்தது. அளவு ஏறக்குறைய நான்கு மடங்காகியிருந்தது. இன்னொன்றையும் பார்த்தார்கள். மையத்தைச் சுற்றி 16,000 ஒளியாண்டு வட்டத்துக்குள் இருக்கும் நிறை, அன்றும் இன்றும் கிட்டத்தட்ட மாறவே இல்லை. வளர்ந்தது முழுக்க அந்த வட்டத்துக்கு வெளியேதான்.

இதைப் புரிந்துகொள்ள நீங்கள் தொலைநோக்கி தேடிப் போக வேண்டாம். உங்கள் ஊரைப் பாருங்கள். கோட்டையும் கறுப்பர் நகரமுமாக இருந்த சென்னை எப்படி வளர்ந்தது? 1676-இல் திருவல்லிக்கேணி வந்து சேர்ந்தது. 1693-இல் எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை. 1734-இல் கூவம் வளைந்து ஓடும் இந்த இடத்தில், சுங்குராமச் செட்டியின் தோட்டம் இருந்த நிலத்தில், நெசவாளர்களைக் குடியேற்றி நம் சிந்தாதிரிப்பேட்டையையே உருவாக்கினார்கள். அண்மையில் நடந்ததைப் பாருங்கள். 2011-இல் 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள், ஆக 42 உள்ளாட்சிகளை மாநகராட்சி தன்னோடு சேர்த்துக்கொண்டது. மக்கள்தொகை சுமார் 46 லட்சத்திலிருந்து 67 லட்சமானது, அதாவது ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை. பரப்போ 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426-க்குத் தாவியது. கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. நெருக்கம் குறைந்த சிற்றூர்களைச் சேர்த்தால் ஆள்கணக்கைவிட அகலம் வேகமாகக் கூடும். அதே நேரம் சௌகார்பேட்டைத் தெருக்கள் ஓர் அங்குலமாவது அகலமாயினவா? இல்லை. நடு அப்படியே இருக்க, வளர்ச்சி எல்லாம் ஓரத்தில். ஓய்ந்த கேலக்ஸியின் கதையும் இதுதான்.

ஆனால் நண்பர்களே, இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. ஊரைச் சேர்க்க அரசாணை போதும். குள்ள கேலக்ஸியை இழுத்துச் சேர்ப்பது எது? ஈர்ப்புதானே என்பீர்கள். ஈர்ப்பு மட்டும் போதாது. பூமியைச் சூரியன் 450 கோடி ஆண்டுக்கும் மேலாக ஈர்த்துக்கொண்டுதான் இருக்கிறது. பூமி சூரியனில் விழுந்துவிட்டதா? சுற்றிச் சுற்றி வருகிறது, அவ்வளவுதான். விழ வேண்டுமானால் வேகம் குறைய வேண்டும். வேகம் குறைய உராய்வு வேண்டும். காற்றில்லாத, தரையில்லாத வெட்ட வெளியில் உராய்வுக்கு எங்கே போவது?

இந்த இடத்தில்தான் நம் மயிலாப்பூர்க்காரர் வருகிறார்.

அவர் சுப்ரமணியன் சந்திரசேகர். 1910-இல் லாகூரில் பிறந்தார். எட்டு வயதில் குடும்பத்தோடு சென்னைக்கு வந்தார். இன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை என்கிறோமே, அன்று அது எட்வர்ட் எலியட்ஸ் சாலை. அங்கே ‘சந்திர விலாஸ்’ என்ற வீட்டில் வளர்ந்தார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்தார். பிறகு பிரசிடென்சி கல்லூரி. இந்த மண்டபத்திலிருந்து கூவத்தைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் போனால் மூன்று நான்கு கிலோமீட்டர்தான். 1930-இல் கப்பலேறினார். போகிற வழியிலேயே வெள்ளைக் குள்ள விண்மீன்களின் எடைக்கு ஓர் எல்லை உண்டு என்ற கணக்கைப் போட்டார் என்பதும், 1983-இல் நோபல் பரிசு பெற்றார் என்பதும் நம் பாடப்புத்தகங்களில் இருக்கின்றன.

பாடப்புத்தகத்தில் இல்லாத ஒன்றை இன்று சொல்கிறேன். 1943-ஆம் ஆண்டு. உலகப் போர் உச்சத்தில். அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தின் யெர்க்கீஸ் ஆய்வகத்தில் இருந்தார் சந்திரசேகர். அங்கிருந்து ‘இயக்க உராய்வு’ என்ற தலைப்பில் வரிசையாகக் கட்டுரைகள் எழுதினார். அவர் கேட்ட கேள்வி இது: எண்ணற்ற விண்மீன்களுக்கு நடுவே ஒரு பொருள் ஓடினால் அதற்கு என்ன ஆகும்?

நிதானமாகக் கேளுங்கள். கனமான பொருள் ஒன்று விண்மீன்களின் கடலுக்குள் ஓடுகிறது. அது கடந்து போகும்போது பக்கத்து விண்மீன்களைத் தன் பக்கம் இழுக்கிறது. ஆனால் அவை அந்த இடத்துக்கு வந்து சேர்வதற்குள் இது முன்னே போய்விடுகிறது. ஆகவே இழுபட்ட விண்மீன்கள் எல்லாம் இதன் முதுகுக்குப் பின்னால் கூடுகின்றன. பின்னால் கூட்டம் கூடினால் பின்னால் ஈர்ப்பு கூடும். அந்த ஈர்ப்பு இதை முன்னே போகவிடாமல் பின்னுக்கு இழுக்கும். ஒன்றோடு ஒன்று உரசவே இல்லை, ஆனாலும் உராய்வு! ஓடும் பொருள் தன் ஓட்டத்தாலேயே தனக்குத் தடை உண்டாக்கிக்கொள்கிறது. வேகம் குறைகிறது. சுற்றுப்பாதை சுருங்குகிறது. மெல்ல மெல்ல மையத்தை நோக்கி இறங்குகிறது.

அவர் வாயால் மட்டும் சொல்லிவிட்டுப் போகவில்லை. கணக்காகப் போட்டுக் கொடுத்தார். அந்தச் சமன்பாட்டில் இரண்டு செய்திகள் நமக்கு முக்கியம். ஒன்று, ஓடும் பொருளின் எடை இரண்டு மடங்கானால் பின்னிழுக்கும் விசை நான்கு மடங்காகும்; கனமானது சீக்கிரம் விழும். இரண்டு, மிக வேகமாக ஓடுவதற்கு இந்தத் தடை குறைவு. வேகம் இரட்டித்தால் தடை நாலில் ஒன்றாகிவிடும். அதாவது, மெதுவாகப் போகிறவன் மாட்டிக்கொள்வான், பறக்கிறவன் தப்பித்துக்கொள்வான்.

சந்திரசேகர் இதை எழுதியது கேலக்ஸிகளுக்காக அல்ல. விண்மீன் கொத்துகள் எவ்வளவு காலம் கலையாமல் நீடிக்கும் என்று கணக்கிடத்தான் எழுதினார். 32 ஆண்டுகள் கழித்து, 1975-இல், ஆஸ்ட்ரைக்கரும் ஸ்காட் ட்ரெமெய்னும் அதை எடுத்து கேலக்ஸிக் கூட்டங்களுக்குப் பொருத்தினார்கள். நடுவில் இருக்கும் பெரிய கேலக்ஸி, சுற்றியிருப்பவற்றை இயக்க உராய்வின் வழியே தின்று தீர்க்கும் என்று காட்டினார்கள். இன்று கேலக்ஸி வளர்ச்சியைக் கணக்கிடும் ஆய்வாளர்கள் கைக்கொள்ளும் அடிப்படைச் சமன்பாடுகளில் அது ஒன்று. எழுதியவர் பிரசிடென்சி கல்லூரி மாணவர்.

சமன்பாடு இருக்கட்டும், சாட்சி எங்கே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும். சாட்சிகளை வரிசையாக அழைக்கிறேன்.

முதல் சாட்சி, வளையங்கள். 1980-இல் டேவிட் மாலினும் டேவிட் கார்ட்டரும் நீள்வட்ட கேலக்ஸிகளின் புகைப்படத் தகடுகளை ஒரு தனி முறையில் துலக்கிப் பார்த்தார்கள். வெறுமையாகத் தெரிந்த ஓரங்களில் மங்கலான வில்கள் அடுக்கடுக்காகத் தெரிந்தன. பெரிய கேலக்ஸிக்குள் விழுந்து குலைந்த சிறிய கேலக்ஸியின் விண்மீன்கள், போய்த் திரும்பும் எல்லைகளில் நெருங்கி நிற்பதால் தெரியும் கோடுகள் அவை. என்.ஜி.சி. 3923 என்ற கேலக்ஸியைச் சுற்றி இப்படி இருபதுக்கும் மேற்பட்ட வில்களைக் கண்டிருக்கிறார்கள்.

இரண்டாம் சாட்சி, கன்னி ராசித் திசையில் 5.5 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கும் மெசியர் 87. 2019-இல் உலகமே பார்த்ததே, முதன்முதலாக எடுத்த கருந்துளைப் படம், அந்தக் கருந்துளை இந்த கேலக்ஸியில்தான் இருக்கிறது. கருந்துளையின் எடை 650 கோடி சூரியன். மெசியர் 87 ஓய்ந்த கேலக்ஸி. 2015-இல் ஒரு குழு இதன் ஓரத்தில் சாகும் தறுவாயில் ஒளிரும் சுமார் 300 விண்மீன்களின் ஓட்டத்தைத் தனித்தனியாக அளந்தது. அவற்றில் ஒரு பகுதி மற்றவற்றோடு ஒத்துப்போகாமல் தனி வழியில் ஓடிக்கொண்டிருந்தது. கடந்த 100 கோடி ஆண்டுக்குள் நடுத்தர அளவுள்ள ஒரு கேலக்ஸியை மெசியர் 87 விழுங்கியிருக்கிறது. விழுங்கியது இன்னும் முழுதாகக் கலக்கவில்லை.

மூன்றாம் சாட்சி, ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி. 2021 கிறிஸ்துமஸ் நாளில் ஏவப்பட்ட அந்தக் கருவியைக் கொண்டு கேத்ரின் சூஸ் தலைமையிலான குழு, பழங்காலத்து ஓய்ந்த கேலக்ஸிகளின் அக்கம்பக்கத்தைத் துழாவியது. ஹப்பிளுக்கு எட்டாத மங்கலான, நீலச் சாயல் கொண்ட குட்டி கேலக்ஸிகள் பக்கத்திலேயே இருந்தன. 2023-இல் வெளிவந்த முடிவு இது. பெரிய கேலக்ஸியின் நடு சிவந்தும் ஓரம் சற்றே நீலமாகவும் இருப்பது ஏன் என்று வெகுகாலமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்களே, அதற்கும் இதில் விடை கிடைக்கிறது. ஓரத்தில் இருப்பது வந்து சேர்ந்த நீலம்.

நான்காம் சாட்சியை நான் மிகவும் மதிக்கிறேன். ஏனென்றால் அது எதிர்த்தரப்புச் சாட்சி, வளராத கேலக்ஸி! பெயர் என்.ஜி.சி. 1277. சற்று முன்பு சொன்ன அதே பெர்சியஸ் கூட்டத்தில், இருபது கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் இருக்கிறது. பன்னிரண்டாயிரம் கோடி சூரியன் எடை. ஆனால் ஆரம் சுமார் 4,000 ஒளியாண்டுதான். ஆயிரம் கோடி ஆண்டுக்கு முன் இருந்த கேலக்ஸி, அன்றைய கோலத்திலேயே இன்றும் இருக்கிறது. விழுங்கித்தான் வளர முடியும் என்பது உண்மையானால், இது எதையும் விழுங்கியிருக்கக் கூடாது. அதைச் சோதிக்க வழி உண்டா?

உண்டு. பெரிய கேலக்ஸிகளைச் சுற்றிக் கோள வடிவ விண்மீன் கொத்துகள் இருக்கும். அவற்றில் சிவப்பு என்றும் நீலம் என்றும் இரண்டு வகை. சிவப்புக் கொத்துகள் பெரும்பாலும் கேலக்ஸியோடு உடன்பிறந்தவை. நீலக் கொத்துகள் பெரும்பாலும் விழுங்கப்பட்ட குள்ள கேலக்ஸிகளோடு வந்தவை. 2018-இல் மைக்கேல் பீஸ்லி குழு ஹப்பிளைக் கொண்டு என்.ஜி.சி. 1277-இன் கொத்துகளை எண்ணியது. சிவப்பு இருந்தது. நீலம் இல்லவே இல்லை என்று சொல்லிவிடலாம். எதையும் விழுங்கவில்லை, அதனால் வளரவில்லை.

ஏன் விழுங்கவில்லை? சாப்பாட்டுக்குப் பஞ்சமா? இல்லை, சுற்றிலும் நூற்றுக்கணக்கான கேலக்ஸிகள். ஆனால் அந்தக் கூட்டத்தின் ஈர்ப்பில் ஒவ்வொன்றும் விநாடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் கணக்கில் பறக்கிறது. அவ்வளவு வேகத்தில் ஒன்றையொன்று கடக்கும்போது பிடித்து வைத்துக்கொள்ள நேரமில்லை. பறக்கிறவன் தப்பித்துக்கொள்வான் என்று 1943-இல் சந்திரசேகர் எழுதிய சமன்பாடு சொன்னதே, அது இங்கே கண்முன்னே நிற்கிறது. வளர்ந்த கேலக்ஸிக்கும் அந்தக் கணக்கு பொருந்துகிறது. வளராத கேலக்ஸிக்கும் அதே கணக்கு பொருந்துகிறது. ஒரு கொள்கைக்கு இதைவிட நல்ல சான்றிதழ் வேண்டுமா?

இத்தோடு வழக்கு முடிந்துவிட்டதா? இல்லை. நேர்மையாகச் சொல்ல வேண்டிய ஒன்று பாக்கி இருக்கிறது. அளவுகள் கூடியதாகத் தெரிவதில் ஒரு பகுதி வேறு காரணத்தால் வருவது. எல்லா கேலக்ஸிகளும் ஒரே நாளில் ஓய்வதில்லை. முதலில் ஓய்ந்தவை சிறியவை. பின்னால் ஓய்ந்தவை, விண்மீன் பிறந்துகொண்டிருந்த காலத்திலேயே அகலமாக வளர்ந்துவிட்டவை. இந்தப் பெரிய புதுவரவுகளும் கணக்கில் சேரும்போது சராசரி தானாக உயர்கிறது. பழையவை வளர்ந்தே ஆக வேண்டும் என்றில்லை. 2013-இல் மார்செல்லா கரோலோ குழு இதை வலியுறுத்தியது. கருந்துளை வாயுவை வெளியே ஊதித் தள்ளும்போது ஈர்ப்பு தளர்ந்து கேலக்ஸி கொஞ்சம் விரிந்துகொடுக்கும் என்ற வாதமும் உண்டு. எது எவ்வளவு பங்கு என்பதில் இன்றும் ஆய்வாளர்கள் வாதாடுகிறார்கள். என் தீர்ப்பைக் கேட்டால், எடை மிகுந்த பெரிய கேலக்ஸிகளுக்குச் சிறியவற்றை விழுங்குவதே முதல் காரணம். எடை குறைந்தவற்றில் புதுவரவுகளின் பங்கு கூடுதல்.

கேள்விகள் தீரவில்லை என்பதுதான் நல்ல செய்தி. பெருவெடிப்புக்குப் பின் 130 கோடி ஆண்டுக்குள்ளாகவே ஓய்ந்துபோன கேலக்ஸி ஒன்றை ஜேம்ஸ் வெப் 2023-இல் உறுதி செய்தது. ஜி.எஸ்-9209 என்று பெயர். அதன் ஆரம் ஆயிரம் ஒளியாண்டுகூட இல்லை. அவ்வளவு சீக்கிரம் ஏன் ஓய்ந்தது? அவ்வளவு சிறிதாக எப்படிக் குவிந்தது? முழு விடை இன்னும் யாரிடமும் இல்லை.

அந்த விடை இந்த அரங்கில் இருக்கும் ஒருவரிடமிருந்து வரக் கூடாதா? உபசாரத்துக்காகச் சொல்லவில்லை. ஹப்பிளும் ஜேம்ஸ் வெப்பும் எடுத்த தரவுகளை, பதிவு செய்தவர்களுக்கான தனியுரிமைக் காலம் முடிந்ததும், உலகில் யாரும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். கேலக்ஸிகளைப் பார்த்து வகைப்படுத்தும் ‘கேலக்ஸி ஜூ’ திட்டத்தில் 2007 முதல் பள்ளிப் பிள்ளைகளும் இல்லத்தரசிகளும் ஓய்வு பெற்றவர்களும் பங்கெடுத்து வருகிறார்கள். நம் மாநிலத்திலேயே ஜவ்வாது மலையில், காவலூரில், 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் இருக்கிறது. கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கம் இருக்கிறது. பெற்றோர்களே, பிள்ளைகளை ஒருமுறையாவது அங்கே அழைத்துப் போங்கள். ஆசிரியர்களே, உங்கள் பள்ளியில் வானியல் மன்றம் இல்லையென்றால் இந்த ஆண்டே தொடங்குங்கள்.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு வேலை. நிறை ஒன்று, ஆரம் ஒன்று என்று நாம் போட்ட கணக்கை இன்று இரவு தாளில் போட்டுப் பாருங்கள். நிறை மூன்று மடங்கானால் இரண்டு விதத்திலும் ஆரம் எவ்வளவு ஆகும் என்று நீங்களே கண்டுபிடியுங்கள். சந்திரசேகர் போட்டதும் தாளும் பேனாவும் கொண்டுதான்.